எழுபத்து நான்கு நொடிகள்: ஹயபூசாவிடம் சிக்கிய ஒரு பஃபலோ தப்பிய விதம்

வார் தண்டர் என்னும் இணையவழிப் போர் விளையாட்டில், என் விமானத்தின் வாலைப் பிடித்துவிட்ட எதிரி விமானம் ஒன்றிடமிருந்து நான் தப்பிய 74 நொடிகளை இங்கே ஆராய்கிறேன். ஆட்டம் நடந்தது ஒரு சனிக்கிழமை இரவு. ஆடியவர்கள் நானும், படிவம் ஐந்தில் படிக்கும் என் அக்காள் மகனும். மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில், செம்பனை என்னும் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்பு) வீடு ஒன்றின் முன்னறையில், இரண்டு கணினிகளை எதிரெதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் பகலில் செம்பனை ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். ஆலையில் ஓர் இயந்திரம் நின்றுபோனால், அது நிற்பதற்கு முன் என்னென்ன நடந்தது என்று நிமிடம் நிமிடமாகத் திருப்பிப் பார்த்து எழுதி வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் கைப்பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

எழுதும்படி செய்தது ஒரு வாக்குவாதம். ஆட்டம் முடிந்ததும், பீப்பாய் உருளுவதுபோல் விமானத்தை உருட்டும் பேரல் ரோல் ஒன்றைப் போட்டு எதிரியின் குறியிலிருந்து நழுவிவிட்டதாக நான் பெருமை பேசினேன். மருமகன் சிரித்துவிட்டு, "மாமா, நீங்க உருண்டதுக்கும் தப்பிச்சதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, வேணும்னா ரிப்ளே போட்டுப் பாருங்க" என்றான். ஒவ்வோர் ஆட்டத்தின் பதிவையும் பிறகு எடுத்து, வேகத்தைக் குறைத்து, வேறொரு ஆட்டக்காரரின் விமானத்துக்குப் பின்னால் நின்றுகூடப் பார்க்கும் வசதி இந்த விளையாட்டில் உண்டு. இரண்டு இரவுகள் உட்கார்ந்து பார்த்தோம். அவன் சொன்னது சரிதான். ஆனால் நான் தப்பியதற்கான காரணம் அவன் நினைத்ததும் அல்ல.

ஆட்டமும் விமானங்களும்

கைஜின் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2012 நவம்பரில் பொதுச் சோதனைக்குத் திறந்துவிட்டு, 2016 டிசம்பரில் முழு வடிவில் வெளியிட்ட விளையாட்டு இது. வான்சண்டையை இதில் மூன்று வகையாக ஆடலாம். எளிய வகையான ஆர்கேடில், எதிரியின் வேகத்தைக் கணக்கிட்டு எங்கே சுட வேண்டும் என்பதை ஒரு குறியே காட்டிவிடும். கடினமான சிமுலேட்டரில், விமானி இருக்கையிலிருந்து தெரிவதைத் தவிர வேறொன்றும் திரையில் இராது. நாங்கள் ஆடுவது இரண்டுக்கும் நடுவிலுள்ள ரியலிஸ்டிக் வகை. அதில் எங்கே சுடுவது என்பது ஆடுபவரின் கண் கணக்கு. ஆனால் விமானத்தை வெளியிலிருந்து பார்க்கலாம், சி விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மவுஸை நகர்த்தினால் முதுகுப்பக்கத்தையும் பார்க்கலாம். இந்த சி விசைதான் இந்த ஆய்வின் முதல் குற்றவாளி. அதைவிடச் சரியாகச் சொன்னால், அதை அழுத்தாத என் விரல்.

நான் ஓட்டியது எஃப்2ஏ-3 பஃபலோ. பீப்பாய்க்கு இறக்கை முளைத்தாற்போன்ற குட்டையான அமெரிக்க விமானம். அழகுக்காக யாரும் அதை எடுப்பதில்லை. நான் எடுப்பதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்று உண்டு. எங்கள் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய சுங்கைப்பட்டாணியில் 1941இல் பிரிட்டிஷாரின் விமானத்தளம் ஒன்று இருந்தது. ஆஸ்திரேலிய விமானப்படையின் 21ஆம் அணி அங்கே பஃபலோக்களுடன் நிறுத்தப்பட்டிருந்தது. டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் அந்தத் தளத்தைக் குண்டு வீசித் தாக்கின. எஞ்சிய விமானங்கள் பட்டர்வொர்த்துக்குப் பின்வாங்கின. பஃபலோ என்றாலே தோற்ற விமானம் என்று நம் பக்கத்தில் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. அதே வகை விமானத்தில் பின்லாந்துக்காரரான இல்மரி யூட்டிலைனன் தம் 94 வெற்றிகளில் 34ஐப் பெற்றார் என்பதை நான் பிற்பாடுதான் படித்தேன். அன்றிலிருந்து அந்த விமானத்தின்மீது எனக்கு ஒரு பிடிவாதம்.

எதிரியினுடையது கி-43 ஹயபூசா. ஜப்பானிய மொழியில் ஹயபூசா என்றால் பைரி என்னும் வேட்டைப்பறவை. மலாயா வானில் பஃபலோக்கள் சந்தித்த விமானங்களுள் இதுவும் ஒன்று. மிக இலேசானது, இறக்கையின் கீழிருந்து விரியும் மடல்களை இறக்கிக்கொண்டால், தென்னை மரத்தைச் சுற்றி வருவதுபோலச் சின்ன வட்டத்தில் திரும்பும். ஆனால் அதிலுள்ளவை இரண்டே துப்பாக்கிகள். தலைகீழாகப் பாய்ந்து வேகம் ஏறினால் அதன் கட்டுப்பாடுகள் இறுகிப்போகும், மேலும் ஏறினால் இறக்கையே கழன்றுவிடும். பஃபலோ கனமானது, நான்கு 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் கொண்டது, கீழே பாய்வதற்கு அஞ்சாதது. ஆகவே ஹயபூசாவோடு வட்டம் போடக் கூடாது, கீழ்நோக்கிப் பாய்ந்து விலக வேண்டும் என்பது இந்த விளையாட்டில் ஒரு மாதம் ஆடியவருக்கும் தெரிந்த பாடம். சீனாவில் அமெரிக்கத் தன்னார்வ விமானிகளுக்குத் தலைமை தாங்கிய கிளேர் செனால்ட் 1941இல் தம் ஆட்களுக்குக் கற்பித்ததும் இதைத்தான். எனக்கும் இது மனப்பாடம். மனப்பாடமாக இருந்தும் அன்றைக்கு நான் வட்டம்தான் போட்டேன்.

முதல் 11 நொடி

குவாடல்கனால் தீவின் மேல் 2,400 மீட்டர் உயரத்தில், மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால், சற்றுக் கீழே, ஜப்பானியரின் ஜி4எம் குண்டுவீச்சு விமானம் ஒன்று தனியாக வந்தது. அதன் வாலில் இருக்கும் துப்பாக்கிக்காரனுக்குச் சிக்காமல் பக்கவாட்டில் நெருங்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில், குறிவட்டத்துக்குள் கண்ணை நட்டுக்கொண்டிருந்தேன். பதிவில் எண்ணிப் பார்த்தபோது, அந்த நிலையில் நான் சி விசையைத் தொடாமலிருந்தது 11 நொடி.

அந்த 11 நொடிக்கு முன்பே ஹயபூசா 3,300 மீட்டரிலிருந்து மூக்கைக் கீழே சாய்த்துப் பாயத் தொடங்கிவிட்டது. நான் குண்டுவீச்சு விமானத்தைப் பார்க்கத் தொடங்கியபோது அது எனக்குப் பின்னால் 1.2 கிலோமீட்டரில் இருந்தது. மருமகன் கத்தியபோது 700 மீட்டரில் இருந்தது. அவன் கத்தியது "மாமா, பின்னுக்கு!" என்ற இரண்டே சொல்.

ஆலையில் கொதிகலன் ஓட்டுபவர் ஓர் அழுத்தமானியை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கையில் பக்கத்துக் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் இறங்கிப்போவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அவரைக் கடிந்துகொண்டவர்களில் நானும் ஒருவன். கவனமின்மை என்று அதை அன்றைக்கு எழுதினோம். இப்போது யோசித்தால் அது கவனமின்மை அல்ல. கவனம் முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டது. நான் குண்டுவீச்சு விமானத்தைப் பார்த்த 11 நொடியில் என் கவனத்தில் ஒரு குறையும் இல்லை.

அவசரத் திருப்பம்

700 மீட்டரில் எதிரியைக் கண்டதும், மவுஸை இடது பக்கம் ஓரம்வரை இழுத்து, கிடைமட்டமாக ஒரு வட்டத்தில் நுழைந்தேன். இதில் இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று, ஹயபூசாவோடு வட்டம் போட்டது. அது எல்லோருக்கும் தெரிந்த தவறு. மற்றொன்று நேரத்தைச் சார்ந்தது. அதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மேலிருந்து பாய்ந்து வருபவருக்கு வேகம் பலம்போலத் தோன்றினாலும், திரும்ப வேண்டிய கணத்தில் அதுவே பாரம். திருப்பத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். அவர் மணிக்கு 500 கிலோமீட்டரில் வந்தார். அந்த வேகத்தில், புவியீர்ப்பைப்போல் ஐந்து மடங்கு விசை தாங்கித் திரும்பினாலும், அவருடைய வட்டத்தின் ஆரம் 400 மீட்டர் அளவில் இருக்கும். என் 330 கிலோமீட்டர் வேகத்தில், நான்கு மடங்கு விசையிலேயே 220 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடலாம். அதாவது அந்த ஒரு கணத்தில், வட்டத்தில் மன்னனான ஹயபூசாவைவிடப் பஃபலோ சிறு வட்டம் போடும். அவர் என்னைத் தாண்டி வெளியே போய்விட வேண்டியதுதான். ஆடுபவர்கள் இதை ஓவர்ஷூட் என்பார்கள். அவரை அப்படித் தாண்ட வைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நான் திரும்பத் தொடங்கும்போது, தன் வேகத்தைக் குறைக்க அவருக்கு நேரம் மிஞ்சியிருக்கக் கூடாது.

நான் அந்த நேரத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். எங்களுக்கிடையிலான தூரம் நொடிக்கு ஏறத்தாழ 45 மீட்டராகக் குறைந்துகொண்டிருந்தது. 450 மீட்டர் வரும்வரை காத்திருந்தால் ஐந்து நொடிக்குமேல் ஆகியிருக்கும். முதுகில் எதிரி வந்துகொண்டிருக்கையில் ஐந்து நொடி நேராகப் போவது என்பது சொல்வதற்கு எளிது. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் முதுகில் ஹயபூசா வரவில்லை. நான் 700லேயே திரும்பினேன். எதிரியின் விமானத்துக்குப் பின்னாலிருந்து பதிவைப் பார்த்தபோது, அவர் செய்தது அழகாகவே இருந்தது. அவர் என்னோடு திரும்பவில்லை. மூக்கை மேலே தூக்கி, மிகுதியாக இருந்த வேகத்தை உயரமாக மாற்றிக்கொண்டு, மேலே போய்க் கவிழ்ந்து, என் வட்டத்துக்கு உள்ளே இறங்கினார். இதை உயர் யோ-யோ என்பார்கள். இறங்கி முடித்தபோது அவர் வேகமும் என் வேகமும் ஏறக்குறைய ஒன்று, மடல்கள் விரிந்திருந்தன, தூரம் 250 மீட்டர்.

அதற்குள் நான் 16 நொடியில் ஒரு முழு வட்டம் போட்டு, 330ஆக இருந்த வேகத்தை 240ஆகக் கரைத்திருந்தேன். உயரத்திலும் 200 மீட்டர் போயிருந்தது. கையிலிருந்த இரண்டு சேமிப்பும் கரைந்தபின், எதிரி தமக்கு மிகவும் வசதியான வேகத்தில், மிகவும் வசதியான தூரத்தில், எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். புலி வாலைப் பிடித்தவன் கதையைக் கேட்டிருக்கிறோம். இது புலி வந்து வாலைப் பிடித்த கதை.

குண்டுகள் ஏன் விலகிப் போயின

முதல் வரிசைக் குண்டுகள் என் இடது இறக்கையைத் துளைத்தன. எஞ்சினின் எண்ணெய் கசியத் தொடங்கியது. நான் வட்டத்தை விட்டு மூக்கைக் கீழே அழுத்தினேன். அதற்குப்பின் ஆறு நொடிக்குள் அவர் இன்னும் இரண்டு முறை சுட்டார். இரண்டும் எனக்கு இடது பக்கமாக, கைப்பிடி தூரத்தில் என்று சொல்லத்தக்க அளவுக்கு அருகே, போய்விட்டன. நான் பெருமை பேசிய உருளல் இதற்குப் பிறகுதான் வந்தது. அப்போது அவர் சுடவே இல்லை. ஆக, என்னைக் காப்பாற்றியது உருளல் அல்ல என்பது உறுதியாயிற்று. மருமகன், எதிரிக்குக் குறி தவறியது, அவ்வளவுதான் என்றான்.

குறி தவறவில்லை என்பதே எங்கள் இரண்டாம் இரவின் கண்டுபிடிப்பு. எதிரியின் விமானத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், அவருடைய மூக்கு நான் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றிய திசைக்குச் சரியாகவே முந்தி நின்றது. தோன்றிய திசை வேறு, நான் உண்மையில் போன திசை வேறு. என் விமானத்தின் மூக்கு இடப்பக்கம் ஒரு திசையைப் பார்க்க, விமானமோ அதிலிருந்து பத்துப் பாகை வலப்பக்கம் விலகி, சேற்றில் வழுக்கும் சைக்கிள்போலப் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருந்தது. காரணம் தேடியதில், வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும் விசையின்மேல் என் மோதிர விரல் அழுந்திக் கிடந்திருக்கிறது. நான் அதை அழுத்தியதே எனக்குத் தெரியாது. பயத்தில் கை முழுவதும் இறுகியபோது அந்த விரலும் இறுகியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தச் சறுக்கலின் பலன் விளங்கும். 250 மீட்டர் தூரத்தைக் கடக்க ஹயபூசாவின் குண்டுக்கு ஏறத்தாழ நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் போகும் விமானம் பத்துப் பாகை சறுக்கினால், பக்கவாட்டில் நொடிக்கு 12 மீட்டர் நகரும். குண்டு வந்து சேரும் நேரத்தில் நான்கு மீட்டர் விலகியிருக்கும். பஃபலோவின் இறக்கை, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 10.67 மீட்டர். நடு உடலைக் குறிவைத்த குண்டுகள், நான்கு மீட்டர் விலகினால், இறக்கையின் முனைப் பக்கத்தை மட்டும் உரசிப் போகும் அல்லது ஒன்றுமில்லாமல் போகும். சுடுபவரின் கண், எதிரே உள்ள விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அது போகிறது என்று நம்பப் பழகியது. அந்த நம்பிக்கையை ஏமாற்றுவதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டியதில்லை. வால் கொஞ்சம் பக்கமாகத் தள்ளப்பட்டால் போதும். எனினும் சறுக்கல் வேகத்தைத் தின்னும். சுடும் நேரத்தில் மட்டும், இரண்டொரு நொடிக்குச் செய்ய வேண்டிய காரியம் இது. நான் அறியாமல் செய்ததால் ஆறு நொடி செய்திருக்கிறேன்.

ஜெராய் மலை உயரத்துக்கு ஒரு கணக்கு

விரல் எப்போது தளர்ந்தது என்று தெரியவில்லை. 33ஆம் நொடியில் விமானம் நேரானது. அதன்பின் நடந்ததுதான் இந்த 74 நொடியில் நான் தெரிந்து செய்த முதல் சரியான காரியம். இறக்கை எந்தப் பாரமும் சுமக்காதபடி மூக்கை மென்மையாகக் கீழே அழுத்தியே வைத்திருந்தேன். விமானம் திரும்பாமலும் எழாமலும் விழுகிற நிலையில், பாரம் தூக்குவதனால் வரும் இழுவிசை மறைந்துவிடும். வேகம் சீக்கிரம் ஏறும்.

உயரமும் வேகமும் ஒரே காசின் இரண்டு முகங்கள் என்பதை மருமகனுக்கு விளக்க எனக்குக் கிடைத்த உதாரணம், எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெரியும் ஜெராய் மலை. அதன் உயரம் 1,217 மீட்டர். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், மணிக்கு 556 கிலோமீட்டர் வேகத்தில் அடிவாரத்தில் போகும் விமானம், எஞ்சினை அணைத்துவிட்டு மூக்கைத் தூக்கினாலும் ஏறத்தாழ அந்த மலையின் உச்சிவரை எழும். திருப்பிச் சொன்னால், உச்சியிலிருந்து விழுந்தால் அந்த வேகம் கிடைக்கும். ரப்பர் தோட்டத்தில் மேட்டு நிரையில் பால் வெட்டிவிட்டு, பால் வாளிகளைச் சுமக்கும் தடியான காண்டாவோடு சைக்கிளை மிதிக்காமலேயே இறங்கி வந்த தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மருமகனுக்கு மலையைக் காட்ட வேண்டியிருந்தது.

2,200 மீட்டரிலிருந்து 700 மீட்டருக்கு இறங்கியபோது என் வேகம் 240இலிருந்து 560க்கு ஏறியது. தூரம் 250இலிருந்து 330 மீட்டருக்கு விரிந்தது. அங்கேதான், எதிரி இன்னும் சுடுவதாக நினைத்துக்கொண்டு, நான் அந்தப் பெருமைக்குரிய உருளலைப் போட்டேன். மூன்று நொடி. பதிவில் தூரத்தைப் பார்த்தால், 330ஆக இருந்தது 270ஆகிவிட்டது. நேராக விழும் விமானத்தைவிட, உருண்டு உருண்டு விழும் விமானம் அதே இடத்துக்கு நீண்ட பாதையில் போகிறது. பின்னால் வருபவர் சும்மா நேராக வந்தே நெருங்கிவிடுகிறார். பேரல் ரோல் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. எதிரி மிக வேகமாக, மிக அருகில் வரும்போது, அவரை முன்னால் தள்ளிவிட அது உதவும். எதிரியிடமிருந்து ஓடித் தப்பும்போது போட்டால், காசு கொடுத்துச் சூடு வாங்கியது போலத்தான்.

45ஆம் நொடியில், 700 மீட்டர் உயரத்தில், வலப்பக்கம் சாய்த்துக்கொண்டே மூக்கைத் தூக்கினேன். திரை ஓரங்களில் இருண்டது. ஐந்து மடங்கு விசையில் விமானியின் கண்ணுக்கு நேர்வதை விளையாட்டு அப்படிக் காட்டுகிறது. விமானம் கடலுக்கு மேல் 480 மீட்டரில் நேராயிற்று. ஹயபூசா இந்தத் திருப்பத்தில் என்னோடு வரவில்லை. இறக்கைக்குப் பயந்து 41ஆம் நொடியிலேயே பாய்ச்சலைத் தளர்த்திவிட்டிருந்தார். அதனால் அவர் 800 மீட்டர் பின்னாலும் 300 மீட்டர் மேலேயும் நின்றார்.

தப்பித்துவிட்டேன் என்று அப்போது நினைத்தேன். பதிவு அப்படிச் சொல்லவில்லை. என் 560 நேர்ப்பறத்தலில் கரைந்து 470க்கு வந்துகொண்டிருந்தது. எஞ்சினில் எண்ணெய் குறைந்துகொண்டிருந்தது. அவரோ 300 மீட்டர் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, 800 மீட்டரை 700 ஆக்கியிருந்தார். தனியாக இருந்திருந்தால், இன்னும் ஒன்றரை நிமிடத்தில் கதை முடிந்திருக்கும்.

ரப்பர் கொட்டைகள்

மருமகன் எஃப்4எஃப்-3 வைல்ட்கேட் விமானத்தில், நான்கு கிலோமீட்டர் முன்னால், 1,500 மீட்டர் உயரத்தில் இருந்தான். "என்னைப் பாத்து நேரா வாங்க, நான் சொல்ற வரைக்கும் திரும்பாதீங்க" என்றான். வயதில் மூத்தவன் நான் என்றாலும், ஆட்டத்தில் அந்தக் குரலுக்குக் கட்டுப்படுவதே எங்கள் ஒப்பந்தம். 16 நொடி நேராகப் போனேன். இந்த முறை காத்திருக்க முடிந்ததற்குக் காரணம் என் நெஞ்சுரம் அல்ல. காத்திருக்கச் சொன்னவன் இன்னொருவன்.

அவன் செய்யச் சொன்னது, ஜான் தாச் என்னும் அமெரிக்கக் கடற்படை விமானியின் பெயரால் தாச் பின்னல் என்று வழங்கும் உத்தி. தம் வைல்ட்கேட் விமானம் ஜப்பானியரின் ஜீரோ சண்டை விமானத்தோடு வட்டம் போட முடியாது என்று உணர்ந்த தாச், 1941இல் இரவுகளில் வீட்டு மேசையின்மேல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி அதை வகுத்தார். 1942 ஜூன் 4ஆம் தேதி மிட்வே சண்டையில் அதைப் பயன்படுத்திக் காட்டினார். அதே நாள், அதே மிட்வேயில், தீவைக் காக்க எழுந்த அமெரிக்க மரைன்களின் பஃபலோக்களில் 13 வீழ்ந்தன. ஒரே எதிரி, ஒரே நாள். விமானத்தைப் பற்றி மட்டும் பேசுபவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்களிடம் தீக்குச்சி இல்லை. கேஸ் அடுப்புக்கு லைட்டர்தான். ஜன்னல் திட்டில் கிடந்த ரப்பர் கொட்டைகளில் மூன்றை எடுத்து மேசையில் வைத்து, மருமகன் நகர்த்திக் காட்டினான். புள்ளி அதிகமுள்ள கொட்டை நான். அது இரண்டாவது கொட்டையை நோக்கித் திரும்ப, இரண்டாவது முதலாவதை நோக்கித் திரும்ப, இரண்டும் கத்தரிக்கோல்போலக் கடந்தால், முதல் கொட்டையைத் துரத்தி வரும் மூன்றாவது, இரண்டாவதின் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். துரத்துபவர் விட்டுவிடலாம், அப்போது நான் தப்பினேன். விடாமல் திரும்பினால், சுடப்படுகிறார்.

அவர் விடவில்லை. 66ஆம் நொடியில் மருமகன் "இப்ப வலது!" என்றான். திரும்பினேன். வைல்ட்கேட் என் வயிற்றுக்குக் கீழே கடந்தது. ஹயபூசா என் பின்னால் திரும்பி, அதன் எதிரே மூக்கை நீட்டியது. இரண்டு நொடிச் சுடுதல். ஹயபூசாவின் இறக்கை அடியில் தீப்பிடித்து, 74ஆம் நொடியில் கடலில் விழுந்தது.

எதிரியின் பக்கத்திலிருந்து இந்தக் கடைசிப் பகுதியை நான் பல முறை பார்த்தேன். வைல்ட்கேட் மறைந்து வரவில்லை. மேகம் இல்லை, சூரியன் அவர் முதுகில் இருந்தது. ஆயினும், கடைசி ஒன்பது நொடியில் அவருடைய விமானம் கோடு கிழித்தாற்போல என்னை நோக்கியே வந்தது. இடமும் வலமும் ஒரு முறைகூடச் சாயவில்லை. எண்ணெய் கக்கிக்கொண்டு ஓடும் பஃபலோ அவருக்கு என்னவாகத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் 11 நொடியில் அந்தக் குண்டுவீச்சு விமானம் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

எஞ்சின் அடுத்த ஒரு நிமிடத்தில் இறுகி நின்றது. ஓடுபாதைக்கு வெளியே, சக்கரத்தை இறக்காமல் வயிற்றில் தரையிறங்கினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

விடுபட்ட ஒன்றும் மாற்றியவையும்

அன்று இரவு மழை. இணைய இணைப்பின் தாமதம் நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது. முதலில் நான் அதன்மேல்தான் பழியைப் போட்டேன். தோற்பவர்கள் எல்லோருக்கும் கைக்கெட்டும் பழி அது. 11 நொடி பின்னால் பார்க்காததை ஐந்தில் ஒரு நொடித் தாமதம் விளக்காது என்பதால், ஆய்விலிருந்து அதை நீக்கிவிட்டேன்.

விசைப்பலகையில் ஒரு மாற்றம் செய்தோம். சுக்கானை விரலடியிலிருந்து எடுத்து மவுஸின் பக்கப் பொத்தான்களுக்கு மாற்றினேன். இனி சறுக்குவது என் விருப்பப்படிதான் நடக்கும். பின்னால் பார்ப்பதற்கு, மருமகன் பள்ளிக்கூடப் பாணியில் ஒரு வழி சொன்னான்: குறிவட்டத்தைப் பார்க்கத் தொடங்கினால் மனத்துக்குள் நான்குவரை எண்ணி, சி விசையை அழுத்த வேண்டும். அடுத்த சனிக்கிழமை ஆறு ஆட்டங்களின் பதிவை எடுத்து, நான் பின்னால் பாராத மிக நீண்ட இடைவெளியை ஒவ்வொன்றிலும் அளந்தோம். ஐந்து ஆட்டங்களில் அது நான்கைந்து நொடிக்குள் இருந்தது. ஆறாவதில் ஒன்பது. அந்த ஆட்டத்திலும் முன்னால் போனது ஒரு ஜி4எம்தான்.

450 மீட்டர்வரை காத்திருப்பது மட்டும் இன்னும் கைகூடவில்லை. தனி ஆட்டம் ஒன்றைத் திறந்து, மருமகனை ஹயபூசாவில் ஏற்றி, பின்னாலிருந்து பாயச் சொல்லிப் பழகுகிறேன். அவன் தூரத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவான். 600 என்று கேட்டதுமே என் கை திரும்பிவிடுகிறது.